அனுமதிக் கடிதம் வரும்வரை குளியல் தொட்டியில் கைவைக்க வேண்டாம்

கேள்வி: லண்டன் புறநகரில் எங்கள் சொந்த வீட்டில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. போன வருடம் ஸ்ட்ரோக் வந்ததில் வலது கையும் காலும் பலவீனம். முழங்கால் வாதமும் உண்டு. குளியலறை மாடியில். தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாததால் மூன்று மாதமாக ஈரத்துணியால் துடைத்துத்தான் விடுகிறேன். அம்மாவுக்கு பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி) வருகிறது, வேறு வருமானம் இல்லை. கவுன்சிலுக்கு போன் எடுத்தபோது "நீங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிறீர்கள், உதவி கிடைக்காது" என்றார்கள். கட்டிட வேலை செய்யும் என் அக்காவின் மகன், தொட்டியைக் கழற்றி வெட் ரூம், அதாவது தொட்டியில்லாத ஷவர் அறை, போட 8,500 பவுண்ட் ஆகும், அடுத்த மாதமே தொடங்கலாம் என்கிறான். வேலையை முடித்துவிட்டு பில்லைக் கொடுத்துக் கவுன்சிலிடம் பணம் கேட்கலாமா?

பதில்: சகோதரிக்கு,

கேட்க முடியாது. பெறாமகனிடம் இன்றே சொல்லி நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் தேடும் உதவிக்கு இங்கிலாந்தில் டிசேபிள்டு ஃபெசிலிட்டீஸ் கிராண்ட் என்று பெயர், சுருக்கமாக டி.எஃப்.ஜி. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் மானியம் இது. கடன் அல்ல. அதிகபட்சம் 30,000 பவுண்ட். தகுதி உள்ளவருக்குக் கவுன்சில் கொடுத்தே ஆகவேண்டும். "இந்த வருடத்துக் காசு முடிந்துவிட்டது" என்பது மறுப்பதற்கான காரணம் ஆகாது. ஆனால் முடிந்துபோன வேலைக்கு மானியம் கொடுக்க அதே சட்டம் இடம் தருவதில்லை. பாதியில் நிற்கும் வேலை என்றாலும், அனுமதிக்கு முன் தொடங்கியதற்குத் தக்க காரணம் இருந்தது என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. தொட்டியைக் கழற்றிய அன்றே உங்கள் உரிமை ஆட்டங்காணத் தொடங்கிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மவர்களில் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். விண்ணப்பதாரரோ அவருடைய குடும்பத்தவரோ கொடுக்கும் பில்லை இந்த மானியத்துக்கு ஏற்பதில்லை. யார் குடும்பத்தவர் என்பதையும் சட்டமே சொல்கிறது. பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்கள் மட்டுமல்லாமல் மாமா, மாமி, சகோதர சகோதரிகளின் பிள்ளைகள், திருமண வழி உறவுகள் எல்லாரும் அதில் அடக்கம். வீடு உங்கள் பெயரில் இருப்பதால் விண்ணப்பதாரர் நீங்கள். ஆகவே உங்கள் அக்காவின் மகன் எவ்வளவு திறமையான தொழிலாளியானாலும் அவருடைய பில்லுக்குப் பணம் வராது. வேலை நடக்கும்போது கூட நின்று மேற்பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அது உண்மையிலேயே பெரிய உதவி.

போனில் உங்களுக்குச் சொன்னது பிழை. வருமானச் சோதனை உண்டுதான். ஆனால் சோதிப்பது வீட்டுச் சொந்தக்காரரின் வருமானத்தையல்ல, இயலாமை உள்ளவரின் வருமானத்தையும் அவருடைய துணைவரின் வருமானத்தையும் மட்டுமே. நீங்களும் கணவரும் எவ்வளவு உழைத்தாலும் அது கணக்கில் வராது. அம்மாவின் பென்ஷன் கிரெடிட் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் 'கேரண்டி கிரெடிட்' என்று இருந்தால் சோதனையே இல்லை, அவருடைய பங்கு பூச்சியம். 'சேவிங்ஸ் கிரெடிட்' மட்டும் என்றால் சோதனை நடக்கும். அப்போது சேமிப்பில் முதல் 6,000 பவுண்டை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்குக் கொடுக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வருமானமாகக் கணக்கிடப்படாது. அம்மா அதற்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் அதையும் உடனே செய்யுங்கள். அதற்கு யாருடைய வருமானமும் பார்ப்பதில்லை. ஊரில் அம்மா பெயரில் காணியோ வீடோ இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதவேண்டும். பின்னர் தெரியவந்தால் மானியத்தோடு பென்ஷன் கிரெடிட்டும் கேள்விக்குள்ளாகும்.

இனி, போனில் அல்ல, மின்னஞ்சலில் அல்லது கவுன்சிலின் இணையப் படிவத்தில் கேளுங்கள். "2014ஆம் ஆண்டு கேர் ஆக்ட்டின் கீழ் என் அம்மாவுக்குத் தேவை மதிப்பீடு வேண்டும், டி.எஃப்.ஜி.க்கும் விண்ணப்பிக்க விரும்புகிறோம்" என்ற ஒரு வரி போதும். தேதியோடு ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்து, அன்றாட வேலைகளைச் செய்வதில் உள்ள சிரமத்தை மதிப்பிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி., வீட்டுக்கு வருவார். முழு விண்ணப்பத்தின் பலமும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அம்மாவின் நிலைக்கு இந்த வேலை தேவையானதா, பொருத்தமானதா என்று அவர் எழுதுவார். வீட்டின் அமைப்புக்கும் செலவுக்கும் அது நியாயமானதா, செய்யக்கூடியதா என்று கவுன்சிலின் வீட்டுப் பிரிவு முடிவெடுக்கும். நம் வீடுகளில் அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்று பாருங்கள். அதிகாரி வருகிறார் என்று அம்மா நல்ல சீலை உடுத்தித் தலை வாரி வரவேற்பறைக் கதிரையில் இருப்பார். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடலாமா என்று எழும்பிக் குசினிக்குப் போவார். "குளிக்கிறது எப்படி?" என்று கேட்டால் "மகள் இருக்கிறாள், நான் சமாளிப்பேன்" என்பார். ஓ.டி.யின் குறிப்பில் என்ன விழும்? தானாக நடக்கிறார், தானாகத் தேநீர் தயாரிக்கிறார், குளிப்பதற்கு மகளின் உதவி போதுமானது. ஒரு பொய்யும் இல்லை, ஆனால் விண்ணப்பம் பாதி விழுந்துவிட்டது.

அம்மாவை நாடகம் ஆடச் சொல்லவில்லை. வழக்கமான ஒரு நாளை அப்படியே காட்டச் சொல்லுங்கள். அதற்கு முந்திய ஒரு வாரம் ஒரு கடதாசியில் குறித்து வையுங்கள்: இரவில் எத்தனை தடவை எழும்பினார், படியில் எந்த இடத்தில் நின்று இளைப்பாறினார், எப்போது தடுமாறினார், ஒவ்வொரு முறையும் நீங்கள் எதைப் பிடித்துத் தூக்கினீர்கள், உங்கள் முதுகு எப்படி இருக்கிறது. "வெட் ரூம் வேண்டும்" என்று தொடங்காதீர்கள். "வலது கால் 10 செ.மீ.க்கு மேல் எழும்புவதில்லை, தொட்டியின் விளிம்போ முழங்கால் உயரம்" என்று சொன்னால் வெட் ரூம்தான் வழி என்பதை ஓ.டி.யே எழுதுவார். முதலில் தொட்டியின் குறுக்கே வைக்கும் பலகையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பார்கள். விலை குறைந்த வழியை முதலில் பார்ப்பது முறைதான். ஆனால் அந்தப் பலகையில் இருந்தபடி இரண்டு காலையும் விளிம்புக்கு மேலால் தூக்கித் திருப்ப வேண்டும். அம்மாவால் அது முடியாது என்றால் ஓ.டி. முன்னிலையிலேயே முயன்று காட்டட்டும். பார்த்ததை அவர் எழுதியே ஆகவேண்டும்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். பேரப்பிள்ளையை வைத்துப் பேசவேண்டாம். கழிவறை விஷயத்தை எந்த அம்மாவும் பேரன் வாயால் சொல்லமாட்டார்.

அந்தக் கழிவறை விஷயத்தை நீங்களே எடுத்துச் சொல்லவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நமக்குப் பழக்கம் என்பது ஓ.டி.க்குத் தெரியாமல் இருக்கலாம். அம்மாவுக்கு இப்போது உதவும் கை இடது கை ஒன்றுதான். எழும்பவும் சாயாமல் இருக்கவும் அதே கையால்தான் கம்பியைப் பிடிக்கவேண்டும். அப்படியானால் செம்பை யார் பிடிப்பது? தண்ணீரால் கழுவிக் காற்றால் உலர்த்தும் கழிவறை இருக்கிறது. தேவை என்று மதிப்பீட்டில் எழுதப்பட்டால் டி.எஃப்.ஜி.யில் அதையும் சேர்க்கலாம். கேட்காவிட்டால் யாரும் தானாக எழுதமாட்டார்கள்.

மதிப்பீடு முடிந்ததும் அறிக்கையின் பிரதியை வாங்குங்கள். இதற்குப் பிறகுதான் அதிக காலம் வீணாகிறது. முறையான விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கவுன்சில் எழுத்தில் முடிவு சொல்லவேண்டும், மறுத்தால் காரணமும் தரவேண்டும். இது சட்டம். கவனியுங்கள், போன் எடுத்த நாளிலிருந்து அல்ல, ஓ.டி. வந்த நாளிலிருந்தும் அல்ல, முறையான விண்ணப்பம் போன நாளிலிருந்து. "விசாரணை நிலையில் இருக்கிறது", "காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது" என்ற சொற்களோடு மாதங்கள் போகும், சட்டத்தின் கடிகாரமோ தொடங்கியே இருக்காது. ஆகவே அறிக்கை கைக்கு வந்த வாரமே விண்ணப்பப் படிவத்தை எழுத்தில் கேளுங்கள். முழு விண்ணப்பம் என்றால் நிரப்பிய படிவம், வீடு உங்களுடையது என்பதற்கான சான்று, அம்மா இங்கேயே இருப்பார் என்ற உரிமையாளர் உறுதிமொழி, அம்மாவின் பென்ஷன் கிரெடிட் கடிதம், பொதுவாக இரண்டு ஒப்பந்தக்காரரின் விலைமதிப்பீடு. பல கவுன்சில்களில் அவர்களே ஒப்பந்தக்காரரை ஏற்பாடு செய்வார்கள். இப்படியான வீட்டு மாற்றங்களுக்கு உதவும் ஹோம் இம்ப்ரூவ்மென்ட் ஏஜென்சி இருக்கும் இடத்தில் வரைபடம் முதல் பில் வரை அவர்களே பார்ப்பார்கள், அந்தக் கட்டணத்தையும் மானியத்தில் சேர்க்கலாம். விலைமதிப்பீட்டை நீங்களே எடுப்பதென்றால் இரண்டு பேருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுங்கள். ஒருவர் தரைவிரிப்போடும் மற்றவர் அது இல்லாமலும் விலை சொன்னால் கவுன்சில் திருப்பி அனுப்பும், ஒரு மாதம் போய்விடும்.

6 மாதம் என்பது சட்டத்தின் கடைசி எல்லை. 2022 மார்ச்சில் அரசு கவுன்சில்களுக்குக் கொடுத்த வழிகாட்டியில், எளிமையான, அவசரமான வேலை முதல் தொடர்பிலிருந்து முடியும்வரை 55 வேலை நாள் என்றும், அவசரமில்லாத எளிய வேலைக்கு 130 வேலை நாள் என்றும் இலக்கு இருக்கிறது. இலக்குதான், கட்டாயம் அல்ல. ஆனால் நினைவூட்டல் கடிதத்தில் இந்த எண்களைக் குறிப்பிட்டால் மறுமொழி விரைவில் வருகிறது. அனுமதி தந்தாலும், விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதம்வரை பணத்தைத் தள்ளிப்போடக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. அனுமதிக் கடிதத்தில் அப்படி ஒரு தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி கிடைத்தபின் வேலையை 12 மாதத்துக்குள் முடிக்கவேண்டும். காலம் தாண்டிப் போனால் கவுன்சிலின் முறைப்பாட்டு வழியில் எழுதுங்கள். அதிலும் தீராவிட்டால், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கேர் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போகவேண்டும்.

குளியலறை வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அனுமதிக்கு முன்னரே வரைபடத்தில் பார்க்கவேண்டியவை இவை. மாடித் தரை மரத்தாலானது என்றால் முதல் கேள்வி தண்ணீர் எப்படி வெளியேறும் என்பது. கழிவுக் குழாய்க்கு மீட்டருக்கு 18 மில்லிமீட்டராவது சரிவு வேண்டும். குழாய் ஓடும் திசைக்குக் குறுக்கே மரச்சட்டங்கள் இருந்தால் அவற்றை இஷ்டத்துக்கு வெட்டமுடியாது. ஒன்றில் ஷவரின் இடத்தை மாற்றவேண்டும், அல்லது தண்ணீரை இழுக்கும் பம்ப் வைக்கவேண்டும். இதை யோசிக்காமல் போட்ட வெட் ரூம்களில் தண்ணீர் கதவுப் பக்கம் ஓடும், ஆறு மாதத்தில் கீழ் அறைக் கூரையில் கறை தெரியும். தரைக்கு வழுக்காத விரிப்பு ஒரே துண்டாக, மூட்டுகளை உருக்கி ஒட்டி, சுவரில் 10 செ.மீ. உயரத்துக்கு ஏற்றிவிடவேண்டும். ஓடு பதிக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் அது வழுக்கும், இடைவெளிச் சாந்து நாளடைவில் வெடிக்கும். காற்று வெளியேற்றும் விசிறியை மறக்கவேண்டாம். முழுத் தரையும் நனையும் அறை இது.

ஷவரின் வெப்பநிலைக் கட்டுப்பாடு 41 பாகைக்கு மேல் போகாதபடி பூட்டப்பட வேண்டும். ஸ்ட்ரோக் வந்த பக்கத்துத் தோலுக்குச் சூடு தெரியாமல் போகலாம், அம்மா கையை இழுப்பதற்குள் வெந்துவிடும். சுவரில் மடிக்கும் இருக்கையும் பிடிகம்பியும் வெறும் பிளாஸ்டர்போர்டில் நிற்காது. பின்னால் 18 மி.மீ. பிளைவுட் வைத்தபின்தான் சுவரை மூடவேண்டும். பிடிகம்பிகள் இடது கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்கவேண்டும். கழிவறையின் இடப்பக்கம் சுவர் இல்லையென்றால் மேலிருந்து கீழே மடிக்கும் கம்பி போடலாம். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கம்பி வயதானவர் கண்ணுக்குத் தெரியாது, கருநீலம் கேளுங்கள். கதவு வெளியே திறக்கட்டும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்தால் அவருடைய உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்.

தரையைக் கிளப்பும்போது உக்கிய சட்டம் கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திப் படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். கூடுதல் செலவை அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே தொடரவேண்டும். "முடித்துவிட்டுப் பார்ப்போம்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் அந்தத் தொகை உங்கள் தலையில்தான் விழும். விலை கூடிய சுவர் ஓடு, அழகான கைகழுவும் தொட்டி வேண்டுமென்றால் வித்தியாசத்தை நீங்கள் கட்டலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லித் தனிப் பில்லாக எடுக்கவேண்டும். பிள்ளைகளுக்கு இனித் தொட்டி இருக்காது என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். தொட்டியைத் திரும்ப வைக்க யாரும் மானியம் தரமாட்டார்கள்.

மாடிக்கு ஏறுவதே அம்மாவுக்குப் பாடு என்றால் படித்தூக்கிக் கதிரையும் மேலே வெட் ரூமும் ஒன்று, கீழேயே ஒரு ஷவர் அறை மற்றொன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் நிலை இன்னும் மோசமாகக்கூடும் என்றால் என் எண்ணம் கீழ் அறைதான். தூக்கிக் கதிரையில் இருந்து எழும்ப முடியாத நாள் வந்தால் மேலே இருக்கும் குளியலறையால் பயனில்லை. கீழே இடமில்லாமல் வீட்டை நீட்டவேண்டி வந்தால் 30,000 பவுண்ட் போதாமல் போகலாம். வீட்டு உதவி பற்றிய 2002ஆம் ஆண்டு ஆணையின் கீழ் மேலதிக உதவி கொடுக்கக் கவுன்சில்களுக்கு விருப்புரிமை இருக்கிறது. உங்கள் கவுன்சிலின் 'ஹவுசிங் அசிஸ்டன்ஸ் பாலிசி'யைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். கீழே புதிதாக இரண்டாவது குளியலறை வந்தால் கவுன்சில் டாக்ஸில் ஒரு பிரிவு குறைக்கச் சொல்லியும் விண்ணப்பிக்கலாம். இருக்கும் குளியலறையை மாற்றினால் மட்டும் அது கிடைக்காது.

வீட்டை விற்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்ற பயம் பலருக்கு. மானியம் 5,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் அதிகபட்சம் 10,000 பவுண்ட்வரை வீட்டின்மேல் கவுன்சில் பொறுப்புப் பதியலாம். 8,500 பவுண்ட் மானியம் என்றால் 3,500. பத்து வருடத்துக்குள் வீடு கைமாறினால் அதைக் கேட்கலாம். அப்போதும் உங்கள் சூழ்நிலையைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும். அம்மா ஐந்து வருடம் இங்கேயே இருப்பார் என்று நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழியில் 'உடல்நிலையும் சூழ்நிலையும் இடந்தரும் காலம்வரை' என்ற பொருளில் ஒரு விலக்கு இருக்கிறது. இடையில் அம்மாவுக்கு ஏதாவது நடந்தாலும் நீங்கள் சொன்ன சொல் தவறியதாக ஆகாது. மனம் கலங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: வாடகை வீட்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு என்றால் பெற்றோரின் வருமானம் பார்ப்பதில்லை. வருமானச் சோதனையில் முழுப் பங்கும் உங்களுடையது என்று வந்தாலும் விண்ணப்பத்தை முடித்து 'பூச்சிய மானியம்' என்ற அனுமதியை வாங்கி வையுங்கள். பின்னர் இன்னொரு வேலை தேவைப்பட்டால் இப்போது கட்டிய பங்கு கழிக்கப்படும். சொந்தக் காசில் செய்பவர்கள், இயலாமை உள்ளவருக்கான குளியலறை மாற்றத்துக்கு வாட் வரி பூச்சியம் என்பதை ஒப்பந்தக்காரருக்குச் சொல்லி, பில் எழுதுமுன் உறுதிமொழிப் படிவத்தையும் கொடுங்கள். கடையில் நீங்களே வாங்கும் ஓட்டுக்கும் குழாய்க்கும் அந்தச் சலுகை வராது. வேல்ஸில் உச்சவரம்பு 36,000 பவுண்ட், வட அயர்லாந்தில் அது வேறு. ஸ்கொட்லாந்தில் முறையே வேறு.

சகோதரி, இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். அதுவரை அம்மா துடைத்த உடம்போடுதான் இருக்கவேண்டும் என்றில்லை. 1,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களும் தேவையான உபகரணங்களும் கேர் ஆக்ட்டின் கீழ் இலவசம், அவற்றுக்கு வருமானச் சோதனையும் இல்லை. டி.எஃப்.ஜி. படிவத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஓ.டி. வரும் அன்றே இரண்டு பொருளைக் கேளுங்கள். முதலாவது, முன்பக்கம் சற்றுச் சரிந்த, கைப்பிடி வைத்த உயரமான முக்காலி. கைகழுவும் தொட்டி முன்னால் அதில் இருந்துகொண்டு அம்மா இடது கையால் தானே முகமும் உடம்பும் கழுவலாம். இரண்டாவது, மாடிப்படியில் இன்னொரு கைப்பிடி. ஏறும்போது இடது கைக்குக் கிடைக்கும் கம்பி, இறங்கும்போது அம்மாவின் வலப்பக்கம் போய்விடும், அந்தக் கையோ பிடிக்காது. அம்மா ஏறுவதைவிட இறங்கும்போதுதான் பயப்படுகிறார் என்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.